சுடுதண்ணீர் பட்ட கறை

மார்ச் 3, திங்கள்

கடையில் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். மற்றவர்கள் பின்னறையில் டப்பாவைத் திறக்கிறார்கள். நான் கறை எடுக்கும் மேசையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருப்பவளிடம் வந்து "சாப்ட்டியா" என்று யாரும் கேட்பதில்லை. பதினோரு வருடமாக இந்தச் சலவைக் கடையில் நான் கண்டுபிடித்த ஒரே உபாயம் இதுதான்.

துணியைப் பார்த்தே யார் எதைச் சாப்பிட்டார்கள், அவசரமாகவா, சிரித்துக்கொண்டா என்று சொல்லிவிடுவேன். என் மகளின் சீருடையில் மட்டும் படிக்க ஒன்றும் இருப்பதில்லை. பள்ளியில் சேர்த்து எட்டு மாதம், ஒரு கறை கிடையாது. அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன்.

காலையில் ஆசிரியை கூப்பிட்டுப் பேசினார். பள்ளி நர்ஸ் குழந்தைகளை நிறுத்தி உயரமும் எடையும் பார்த்தாராம். எல்லாரும் போன தடவையைவிட வளர்ந்திருக்கிறார்கள். என் பெண் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். மதியம் டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிடுகிறாளாம். ஏன் என்றதற்கு, "என் வயிறு நல்ல வயிறு மிஸ். அதுக்கு ஒண்ணும் வேணாம்" என்றாளாம்.

"வீட்ல யாராவது இப்படிச் சொல்வாங்களா?" என்று கேட்டார்.

இல்லையே என்றேன்.

சொல்வேன். குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று, வயிற்றைத் தட்டிக்கொடுத்துச் சொல்வேன். கதவு சாத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

மார்ச் 5, புதன்

ஆசிரியை போகச் சொன்ன ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. இவரும் லீவு போட்டுவிட்டு வந்தார். பதினாறு வயதில் எனக்கு வந்த, சாப்பிடாமலே கிடக்கிற வியாதியின் பெயரைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். 'அதெல்லாம் பழைய கதை' என்றும் நானே சொன்னேன், அவர் நம்பினார். லிஃப்ட் மெக்கானிக். பழுது என்றால் சத்தம் வரும் என்று நினைக்கிறவர்.

ஆலோசகருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்களுக்கான சிகிச்சை தனி. அதுக்கு வரிசை இருக்கு, நாளாகும். ஆனா குழந்தை அதுவரைக்கும் காத்திருக்க முடியாது இல்லையா? அவ மூணு வேளையும் உங்களைப் பார்த்துதான் கத்துக்கறா."

வாரம் மூன்று தடவை நானும் என் மகள் கடுகும் சேர்ந்து சாப்பிடுவதை போனில் படம் எடுக்க வேண்டும். புதன்கிழமைகளில் அதை ஆலோசகரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

"மாத்திரை மாதிரி ஏதாவது?" என்றார் இவர், ஸ்பேர் பார்ட் கேட்கிற முகத்தோடு.

கடுகு என்று பெயர் வைத்ததும் இவர்தான். பிறந்தபோது உள்ளங்கை நீளம்தான் இருந்தாள். செல்லமாகக் கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. இன்று அந்தப் பெயரை அந்த அறையில் சொல்லவே கூசியது.

என் வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

முதல் படம். தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்தேன். "இந்தச் சிவப்புப் புள்ளி எரிஞ்சா நம்மளை எடுக்குதுன்னு அர்த்தம்" என்று கடுகுக்குக் காட்டினேன். உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, ரொட்டி.

நான் சாப்பிட்டேன். முழுத் தட்டு, சத்தியமாக.

யாரோ பார்க்கப் போகிறார்கள் என்றால் என்னால் எதுவும் முடியும். இது நல்ல குணமா கெட்ட குணமா?

மார்ச் 12, புதன்

ஆலோசகர் படத்தை ஓடவிட்டார். நான் சாப்பிடுவதைத்தான் பார்ப்பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை மட்டும் எண்ணுங்களேன்."

துண்டு வைத்திருந்த கை. பத்து நிமிடத்தில் கடுகின் வாயை இருபத்து மூன்று தடவை துடைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும். சில சமயம் வாய் திறப்பதற்கு முன்பே. அவள் கரண்டியை எடுக்கக் கை நீட்டுகிறாள், நான் வாங்கிக்கொள்கிறேன். மறுபடி நீட்டுகிறாள். மூன்றாவது தடவை கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு நீட்டவே இல்லை.

இதெல்லாம் நடந்தபோது நானும் அங்கேதானே இருந்தேன்? எதையும் பார்க்கவில்லையே.

இன்னொன்று, ஆலோசகர் சொல்லாமல் நானாகக் கண்டது. ஒவ்வொரு வாய்க்கு முன்பும் அவள் என் தட்டைப் பார்க்கிறாள். நான் எடுத்தால் அவளும் எடுக்கிறாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துகிறாள். சாலை கடக்க என் கையைப் பிடிக்கிற மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுப்பாடம்: கரண்டி அவள் கையில் இருக்க வேண்டும். சிந்தினால் சிந்தட்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை துண்டு மேசையில் இருக்கக் கூடாது. நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு, நல்ல வயிறு என்ற பேச்சே கூடாது. நானும் அதையே, அவளோடு, உட்கார்ந்து.

தக்காளிச் சாறு அவள் முழங்கை வரை ஒழுகியது. நான் நாற்காலியின் அடிப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரார் கறையெல்லாம் தொட்டுப் பிழைக்கிற எனக்கு, பெற்ற பெண்ணின் முழங்கையைப் பார்க்க முடியவில்லை.

இஸ்திரி போடுகிற அண்ணன் இன்றும் டப்பாவை நீட்டினார். "ஒரு வாய் எடுத்துக்கம்மா. காத்து மாதிரி இருக்கே, ஃபேன் போட்டா பறந்துடப் போறே." தினமும் இதே நகைச்சுவை. தினமும் 'அப்புறம்ணே' என்பேன். அவருக்கும் பழகிவிட்டது, எனக்கும்.

ஏப்ரல் 2, புதன்

ஆலோசகர் கைதட்டாத குறை. "இதைப் பாருங்க, அவளே கேட்டு வாங்கறா! நீங்க சிரிக்கறீங்க!" படத்தில் நான் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சிரிக்கிறேன். கடுகின் கன்னமெல்லாம் ஜாம். துண்டு எங்கும் இல்லை.

இதை மற்ற பெற்றோருக்குக் காட்டலாமா என்று அனுமதி கேட்டார். கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் சாப்பாட்டு விஷயத்தில் நான் யாருக்காவது முன்மாதிரி! வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் சிரித்துக்கொண்டே நின்றேன், பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் கேக் வாங்கி வந்தார். எதற்கு என்றேன். "சும்மாதான், சந்தோஷம்" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதாவிட்டால் பின்னறைக்குப் போக வேண்டும்.

நேற்று போன் பழுது. திரையே வரவில்லை. பரவாயில்லை, படம் இல்லாமலே சாப்பிடுவோம் என்று தட்டு வைத்தேன். கடுகு வந்து உட்கார்ந்தாள். ஜாடியைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடு கண்ணு."

"போன் வைக்கலையே."

"இன்னைக்குப் போன் இல்ல. சாப்பிடு."

என்னவோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அப்போ இன்னைக்கு சாப்பிட வேணாம்மா. யாரும் பார்க்கல."

இதற்கு மேல் சப்பைக்கட்டு கட்ட முடியாது. படம் எடுத்தது வாரம் மூன்று வேளை. மீதி வேளைகளில் நான் அவளுக்குத் தட்டை வைத்துவிட்டு, "அம்மா அப்புறம் சாப்பிடறேன்" என்று தொட்டிப் பக்கம் திரும்பிப் பாத்திரம் கழுவினேன். ஒரு வேளை விடாமல். ஆலோசகரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவ்வளவு நன்றாகச் சிரிக்கிறவளிடம் எப்படிக் கேட்பார்?

பள்ளியில் யாரும் படம் எடுப்பதில்லை. அங்கே அவள் என்ன சாப்பிட்டிருப்பாள்?

ஏப்ரல் 15, செவ்வாய்

கடுகு பொம்மைக்கு முன்னால் சோப்புப் பெட்டியைப் போன் மாதிரி சாய்த்து நிறுத்தி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை எடுத்துவிட்டாள். பொம்மையையும் மேசையைவிட்டு இறக்கிவிட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஒரு யோசனை செய்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

அந்தச் செத்துப்போன போனை ஒவ்வொரு வேளையும் ஜாடியில் சாய்த்து வைத்தேன். காலை, மாலை, ஞாயிறு மதியம். கடுகு சாப்பிட்டாள். நானும் எதிரில் உட்கார்ந்து எடுத்தேன், வைத்தேன், கிளறினேன். ஒன்பது நாள் ஓடியது. புதன்கிழமைகளில் ஆலோசகரிடம் 'போன் ரிப்பேர்' என்றேன். அது உண்மைதானே.

இன்று காலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அருகே போய்ப் பார்த்தாள்.

"அம்மா, செகப்புப் புள்ளி எரியலையே."

"எரியுதுடா. வெளிச்சத்துல தெரியல."

அவள் தன் சின்ன உள்ளங்கையால் திரைக்கு நிழல் கட்டிப் பார்த்தாள். எவ்வளவு கவனம்! என் முதலாளியம்மா பட்டுத் துணியைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பொய் சொன்னேன் என்று புரிந்துகொண்டாள், அவ்வளவுதான். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

நான் என்னடி பண்ணுவேன். எனக்கே யாராவது பார்த்தாதான் தொண்டையில இறங்குது. இல்லாததை உனக்கு எங்கேருந்து எடுத்துத் தருவேன்? அஞ்சு வயசுக் குழந்தைக்குக் காது குத்தப் பார்த்தேனே, எனக்கு வெட்கமா இல்லையா? இல்ல. பயமாத்தான் இருக்கு.

மே 7, புதன்

நர்ஸ் மறுபடி பார்த்திருக்கிறார். இந்தத் தடவை நின்ற இடத்தில்கூட இல்லை, பின்னால் போயிருக்கிறாள்.

ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் கழுவியது, செத்த போன், சோப்புப் பெட்டி. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "நான் மீதி வேளையைப் பத்திக் கேட்டிருக்கணும்" என்றார். பாவம். நான் ஏமாற்றியதற்கு அவர் பழி ஏற்கிறார். இந்த வியாதியோடு பழகுகிற எல்லாருக்கும் கடைசியில் இதுதான் கிடைக்கும்.

பிறகு இவரைப் பார்த்து, "குழந்தை சாப்பிடறதை யாரும் கவனிக்காத ஒரு மேசை வேணும். சொந்தக்காரங்க யாராவது பக்கத்துல இருக்காங்களா? கொஞ்ச நாளைக்கு" என்றார்.

"இது தோல்வி இல்லைங்க" என்று என் கையைப் பிடித்தார்.

"அப்போ இதுக்கு என்ன பேரு?" என்றேன்.

என் வரிசையில் இப்போது முப்பத்தாறு பேர்.

மே 11, ஞாயிறு

நாத்தனார் வந்தார். இவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். குரல் இன்ஜினைவிட ஒரு படி மேலே. இரண்டு பையன்கள். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் இனி அங்கே. மதிய டப்பாவும் அவர் வீட்டிலிருந்து. என்னிடம் தூக்கமும் குளியலும் தலை வாரலும்.

"அவ என்னென்ன சாப்பிடுவான்னு எழுதித் தரவா அக்கா?"

"எதுக்கு? என் வீட்டுத் தடியனுங்க தட்டைக் காலி பண்ற வேகத்தைப் பார்த்தா, தனக்கு இல்லாமப் போயிடுமோன்னு பயத்துலயே சாப்பிடுவா."

"ஒண்ணே ஒண்ணு. அவ வாயை மட்டும் துடைச்சுவிடாதீங்க."

"நான் என் வாயையே துடைக்கறதில்ல, போ." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளில் கை வைத்தார். எலும்பு தட்டியிருக்கும். சட்டென்று எடுத்துவிட்டார்.

கடுகு பையில் பொம்மையை வைத்தாள். சோப்புப் பெட்டியை வைக்கவில்லை.

மே 12, திங்கள்

மேசை துடைக்க வேண்டியிருக்கவில்லை.

மே 23, வெள்ளி

இவரும் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறார். வந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "நீ?" என்பார். "ஆச்சு" என்பேன்.

சின்ன வயதில் என் அம்மாவிடமும் இதே 'ஆச்சு'தான். "ஸ்கூல்லயே ஆச்சும்மா." அவள் நம்பியதும் முகம் தெளிந்துவிடும். எனக்கும் உள்ளே ஏதோ இறங்கி உட்காரும். இருவருக்கும் அன்றைய பொழுது நல்லபடியாகப் போயிற்று என்று அர்த்தம்.

என்ன சாப்பிட்டாய் என்று கடுகிடம் கேட்கக் கூடாது என்பது ஆலோசகர் உத்தரவு. கேட்கவில்லை. தலை வாரும்போது முடியை மோந்து பார்க்கிறேன். வெண்ணெய் வாசம்.

ஜூன் 5, வியாழன்

வளர்ந்திருக்கிறாள்!

நர்ஸ் எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரு மாதத்தில், விட்டதையெல்லாம் பிடித்த மாதிரி. ஆசிரியையும் கூப்பிட்டுச் சொன்னார், டப்பா காலியாக வருகிறதாம், பங்கு போடுவதில்லையாம். அந்தச் சீட்டை நான்கு தடவை படித்தேன். ஸ்டீம் துப்பாக்கியை அணைக்க மறந்து ஒருவருடைய கழுத்து டையை வேகவைத்துவிட்டேன். முதலாளியம்மா கத்தியதுகூட இனிமையாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை மாலை நாத்தனார் வீட்டு வாசலிலிருந்து கடுகு ஓடி வந்தாள். தூக்கினேன். எவ்வளவு நாளாயிற்று அப்படித் தூக்கி. கை கொஞ்சம் இறங்கியது. கனம். நிஜமான கனம். ஒரு குழந்தைக்கு இருக்க வேண்டிய கனம். அதற்காகத்தானே இத்தனையும்? சந்தோஷம்தான் வந்தது. சத்தியமாக முதலில் சந்தோஷம்தான் வந்தது.

ஆனால் வாயில் வந்தது வேறு.

"அய்யோ, என்னடி இவ்வளவு குண்டாயிட்டே."

எல்லா அம்மாவும் சொல்வதுதான், இல்லையா? மற்ற அம்மாக்கள் சொன்னால் முத்தம் கொடுத்துவிட்டு மறந்துபோகும். என் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என் கைக்கும் தெரியும், அது அவளைக் கீழே இறக்கிவிட்டது.

கடுகு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். முன்பு என் தட்டைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

நாத்தனார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அவ்வளவு பெரிய குரல்காரர், கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 11, புதன்

ஆலோசகரிடம் சொன்னேன். "ஒரு வார்த்தையால எல்லாம் போயிடாது" என்றார். 

அவர் அப்படித்தானே சொல்ல முடியும்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று மாலை கடுகு வந்தபோது சீருடைச் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கழுத்திலிருந்து வயிறு வரை. வெளியே மழை இல்லை.

"என்னடா ஈரம்?"

"தண்ணி குடிக்கும்போது கொட்டிடுச்சும்மா."

யோசிக்காமல், என் கண்ணைப் பார்த்து, லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நன்றாகச் சொன்னாள்.

பதினோரு வருடம் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சோப்புப் போட்டு யாரோ சின்னக் கையால் வட்ட வட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறார்கள். முட்டைக் கறையில் சுடுதண்ணீர் படக் கூடாது, பட்டால் நூலோடு ஒட்டிக்கொள்ளும். விளிம்பு மஞ்சளாக நின்றது. அதற்குக் கீழே தக்காளி, எண்ணெய். வலது கை மடிப்பில் சாக்லேட். நிதானமாக, நிறைய, நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள். பாதியில் சிரித்திருக்கவும் வேண்டும், தெறித்த புள்ளிகள் இருந்தன.

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அத்தை வீட்ல சாப்ட்டியா?"

"இல்லம்மா. கொஞ்சூண்டு. ஒரே ஒரு வாய்தான்." பிறகு சட்டைக்கு மேல் வயிற்றை உள்ளே இழுத்துத் தட்டிக் காட்டினாள். "பாரு."

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் போன் செய்தார். "இன்னைக்கு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்ட்டாம்மா. ஆனா முடிச்சதும் நேரா குழாய்க்கு ஓடிட்டா. நாலஞ்சு நாளாவே இப்படித்தான். அம்மா பார்த்தா அழுவாங்கன்னு சொல்றா. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

"சரிக்கா" என்று போனை வைத்தேன்.

நான் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வளர்ந்தவள். என் மகள் சாப்பிடவில்லை என்று பொய் சொல்கிறாள். இதை முன்னேற்றம் என்று ஆலோசகர் எழுதுவாரா? எழுதலாம். சாப்பிடுகிறாள் அல்லவா. எனக்குத் தெரியாமல்தான் என்றாலும் சாப்பிடுகிறாள். இது எத்தனை நாளைக்கு என்றுதான் தெரியவில்லை. மறைக்கத் தெரிந்தவளுக்கு, நாளை மறைப்பதற்கு வேறு ஏதாவது கிடைக்கும்.

சட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. காலையிலிருந்து என்னவெல்லாமோ போட்டுப் பார்த்துவிட்டேன், மஞ்சள் போகவில்லை. இஸ்திரி அண்ணன் எட்டிப் பார்த்து, "யாருதும்மா இது, வாரிக் கொட்டிக்கிட்டு நல்லா சாப்ட்டிருக்காங்களே" என்றார். என் பொண்ணோடதுண்ணே என்றேன். டப்பாவை நீட்டினார். அப்புறம்ணே என்றேன்.

நேற்று அவளிடம் நான் சொன்னது இதுதான்: "தண்ணிதானே கண்ணு. காஞ்சிடும்."

நான் நம்பியதும் அவள் முகம் தெளிந்துவிட்டது.